கூத்து, சினிமா, எருதுவிடும் விழா: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பொழுதுபோக்கில் அரசியலைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் ஆய்வேடு எழுதுபவர்கள், பள்ளி ஆசிரியர்கள், விழாக்குழு இளைஞர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஊர் எதை நம்புகிறது, யாரை மதிக்கிறது, எதைக் கண்டு கோபப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள மேடையில் நடக்கும் கதையை மட்டும் பார்த்தால் போதாது. கதை அப்படியேதான் இருக்கும். அதன் ஓரங்கள்தான் மாறிக்கொண்டே இருக்கும்.

கூத்தில் ஆடுவது பழைய மகாபாரதம்தானே, அதில் இன்றைய அரசியல் எங்கே இருக்கிறது?

நான்கு இடங்களில் இருக்கிறது. கட்டியங்காரன் வாயில், விழா நோட்டீஸில், மைக்கில் வாசிக்கும் அன்பளிப்புப் பட்டியலில், மக்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

தருமனும் துரியோதனனும் பாடும் விருத்தங்கள் கூத்துக் குழுவின் குருவான வாத்தியாரிடம் பாடம் கேட்டவை. அவற்றில் கைவைக்க யாருக்கும் துணிவு வராது. கட்டியங்காரனுக்கு அந்தக் கட்டு கிடையாது. அரசனுக்குக் கட்டியம் கூறி அழைத்து வருவது, நீ யார், எந்த ஊர் என்று கேட்பது, அரசன் செந்தமிழில் சொன்னதை ஊர்ப்பேச்சில் திருப்பிச் சொல்வது எல்லாம் அவன் வேலை. அந்தத் திருப்பிச் சொல்லும் இடைவெளியில்தான் ரேஷன் கடை, நூறு நாள் வேலை, தண்ணீர் வராத குழாய், தேர்தல் எல்லாம் நுழைகின்றன. ‘கிருஷ்ணன் தூது’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாதி நாடு, அது இல்லையென்றால் ஐந்து ஊர், அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடு என்று கிருஷ்ணன் இறங்கி வரும் கட்டம் தொகுதிப் பங்கீட்டைக் கேலி செய்ய வாகானது. தேர்தலை ஒட்டிய மாதங்களில் ஒரே குழுவின் ‘தூது’ நாடகத்தை இரண்டு ஊர்களில் பாருங்கள். விருத்தங்கள் ஒன்றாகவே இருக்கும். கட்டியங்காரன் அடித்த பேச்சு மட்டும் ஊருக்கு ஊர் வேறாக இருக்கும். அந்த வேறுபாடுதான் உங்களுக்கு வேண்டிய சரக்கு.

இது இந்தக் காலத்துப் பழக்கம்தானா?

இல்லை. தகடூர் என்ற தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அங்கே ஆயுதச் சாலையைக் காட்டியபோது பாடிய பாட்டு புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. உன் ஆயுதங்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன; எங்கள் அரசனுடைய வேலோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறார். கேட்பதற்குத் தொண்டைமானைப் புகழ்வதுபோல் இருக்கும். உண்மையில் அது போர் எச்சரிக்கை. அதே பாட்டில், இருந்தால் கொடுத்து உண்பவன், இல்லாவிட்டால் இருப்பதைப் பகிர்ந்து உண்பவன் என்று அதியமானுக்கு ஓர் இலக்கணமும் சொல்கிறார். தலைவனை எதை வைத்து மதிப்பது என்று அந்தக் காலம் நினைத்தது அந்த அடிகளில் தெரிகிறது. அரசவையில் பாடுபவருக்கு இருந்த இந்த உரிமையும் கட்டியங்காரனுக்கு இருக்கும் உரிமையும் ஒரே குணம் உடையவை. அரசன் முகத்துக்கு நேரே பேசலாம், ஆனால் பாட்டாகவோ சிரிப்பாகவோ பேச வேண்டும்.

ஓர் இரவுக் கூத்தை எப்படிக் குறித்துக்கொள்வது?

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: மணி, வேஷம், பேச்சின் முதல் நான்கைந்து சொற்கள், சிரிப்பின் அளவு, சிரித்தது யார். சிரிப்பை 1, 2, 3 என்று குறித்தால் போதும். முன்வரிசைச் சிறுவர்கள் மட்டும் சிரித்தால் 1, ஒரு பக்கம் சிரித்தால் 2, களரி (கூத்து நடக்கும் இடம்) முழுவதும் சிரித்தால் 3. ஐந்தாவது கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். அதுதான் முக்கியம். ஆண்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் பேச்சுக்குப் பெண்கள் பக்கம் அமைதியாக இருந்தால், அந்த அமைதியையும் எழுதுங்கள்.

பேச்சு முழுவதையும் எழுத முயலாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பேச்சு போய்விடும். முதல் சொற்களும் மணியும் இருந்தால் பிறகு ஒலிப்பதிவில் தேடி எடுத்துவிடலாம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு 12 மணிக்குக் கிளம்பிவிடுவது. முன்னிரவில் பிள்ளை குட்டிகளோடு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு அடக்கமாக இருக்கும். பின்னிரவில் கூட்டம் கலைந்து, தூங்காத பெரியவர்களும் கூத்துப் பித்துப் பிடித்தவர்களும் மட்டும் மிஞ்சும்போதுதான் கூர்மையான விமர்சனங்கள் வரும். பாதியில் எழுந்து வந்தால் பாதி உண்மைதான் கையில் இருக்கும்.

ஒலிப்பதிவு செய்யும்போது என்னென்ன கெடும்?

ஒலிபெருக்கிக்கு முன்னால் செல்போனை வைப்பதுதான் முதல் கேடு. ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே அலறிக்கொண்டிருக்கும். பதிவில் இரைச்சல்தான் மிஞ்சும், சொல் தெரியாது. ஆர்மோனியம், மிருதங்கம் உட்காரும் பெஞ்சிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, பக்கவாட்டில், ஒலிபெருக்கி பார்க்கும் திசைக்குப் பின்புறம் வையுங்கள். முகவீணை என்ற ஊதுகருவிக்கு நேர் எதிரே வேண்டாம், அதன் ஒலி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் மலையடிவார ஊர்களில் இரவுக் காற்று பலமாக வீசும். மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாமல் போகாதீர்கள்.

கோப்பின் அளவையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரட்டைத் தடத்தில் சுருக்காமல் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11.5 எம்பி, எட்டு மணி நேரத்துக்கு 5.5 ஜிபி ஆகும். ஒரே கோப்பாக ஓடவிட்டால் பழைய வடிவ மெமரி கார்டுகளில் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சில கருவிகள் தாமாகவே கோப்பைப் பிரிக்கும், சில நின்றுவிடும். ஒவ்வொரு மணி நேரமும் நிறுத்திப் புதுக் கோப்பைத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. ஒற்றைத் தடத்தில் பதிந்தால் இடம் பாதியாகும், பேச்சுக்கு அது போதும். செல்போனில் பதிந்தால் ஃபிளைட் மோடில் போடுங்கள். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நேரத்தில் வீட்டிலிருந்து அழைப்பு வந்து பதிவு நின்றுபோன கதைகள் ஏராளம்.

எழுத்தாக்கும் வேலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு மணி நேரக் கூத்துப் பேச்சை வட்டார உச்சரிப்போடு எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். ஆகவே முழு இரவையும் எழுத வேண்டாம், சிரிப்பு 3 என்று குறித்த இடங்களை மட்டும் முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் சேர்த்து எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பகலிலேயே வாத்தியாரைப் பார்த்து அனுமதி கேளுங்கள். முகம் எழுதத் தொடங்கிய பிறகு போய் நிற்காதீர்கள்.

கட்டியங்காரன் பேசும் ஒரு பேச்சு எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நகைச்சுவைப் பேச்சுகள் வாத்தியாரிடமிருந்து மாணவருக்குப் போகும்போது பழையதும் புதியதும் கலந்துவிடும். காலத்தைப் பிரிக்கக் குடியைப் பற்றிய பேச்சு மிகவும் உதவும். காரணம், நம் மண்ணில் மதுச் சட்டம் அடிக்கடி மாறியிருக்கிறது. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாண முதல்வரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதில் அடக்கம். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டும் வந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது.

இப்போது பேச்சைக் கேளுங்கள். குடிகாரன் போலீஸுக்குப் பயந்து ஒளிகிறான் என்றால் அது மதுவிலக்குக் காலத்து அடுக்கு. சாராயக்கடை ஏலம் பற்றிய கேலி என்றால் தனியார் கடை நடத்திய காலம். “சர்க்காரே ஊத்திக் குடுக்குது” என்ற தொனி வந்தால் அது 2003க்குப் பிந்தியது. மூன்றும் ஒரே இரவில், ஒரே வாயிலிருந்து வரலாம். குடிகாரனைக் கேலி செய்வது மாறவே இல்லை. கேலிக்கு ஆளாகும் அதிகாரம்தான் காவலரிடமிருந்து கடைக்காரருக்கும், அவரிடமிருந்து அரசுக்கும் நகர்ந்திருக்கிறது.

இதே முறையை அரிசி விலைக்கும் சம்பளத்துக்கும் பயன்படுத்தலாம். படி, வீசை, அணா என்று வந்தால் பழைய அடுக்கு.

துகில் உரியும் காட்சியில் ஊர் ஏன் அவ்வளவு பயபக்தியாக இருக்கிறது?

‘பகடைத் துயில்’ (சூதாட்டமும் துகில் உரிதலும்) நாடகத்தில் துச்சாதனன் வேஷம் கட்டியவர் பாஞ்சாலியின் சேலையைத் தொடும் முன் பல ஊர்களில் கற்பூரம் ஏற்றுவார்கள். நடிப்பவர் கைகூப்பி வணங்கி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் காட்சியைத் தொடங்குவார். பாஞ்சாலி வேஷம் கட்டியவரும் ஆண்தான். ஆனால் அந்த நேரத்தில் களரியில் நிற்பது திரௌபதி அம்மன். பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவதைப் பார்க்கலாம். சிலருக்கு அருள் வந்துவிடும்.

இந்தக் காட்சியின் மையத்தில் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது. தன்னையே தோற்று அடிமையான பிறகு என்னைப் பணயம் வைக்கத் தருமருக்கு என்ன உரிமை? பாஞ்சாலி சபையைப் பார்த்துக் கேட்கிறாள், பீஷ்மரால்கூடப் பதில் சொல்ல முடியவில்லை. மனைவி கணவனுடைய சொத்தா என்ற கேள்வியை ஊர் நடுவே, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், மைக்கில் கேட்கும் வேறு மேடை நம் கிராமங்களில் அதிகம் இல்லை. இதைக் கேட்டு உருகும் அதே ஊர், தன் வீட்டுப் பெண் தன் கல்யாணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் எப்படி நடந்துகொள்கிறது என்பது அடுத்த கேள்வி. கலை சமூகத்தை அப்படியே காட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சமூகம் தன்னால் நடக்க முடியாத நீதியைச் சில நேரம் மேடையில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. இதைப் பதிவு செய்பவர்கள் அம்மனைக் கும்பிட்ட பெண்களிடமே மறுநாள் போய்ப் பேச வேண்டும். ஆண்கள் கூட இல்லாத நேரத்தில், பெண்களே கேட்டால் பேச்சு வரும்.

பதினெட்டாம் நாள் படுகளத்தில், மண்ணால் பிடித்த பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையை வீமன் அடித்துப் பிளந்த பிறகுதான் பாஞ்சாலி அவிழ்த்த கூந்தலை முடிவாள். பகலில் நடக்கும் இந்த நிகழ்ச்சிக்கு இரவுக் கூத்தைவிடக் கூட்டம் அதிகம். எங்கே நிற்க இடம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கர்ணன் மேல் மட்டும் ஏன் இவ்வளவு பாசம்?

நம் பகுதியில் கருமாதிக்கும் ‘கர்ண மோட்சம்’ வைப்பார்கள். பிறப்பைச் சொல்லி அவமதிக்கப்பட்டவன், சேர்ந்த இடத்துக்குச் செஞ்சோற்றுக் கடன் கழித்தவன், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவன். இந்த மூன்று முகங்களில் எது முன்னால் வருகிறது என்பதைப் பார்த்தால் காலத்தின் மனநிலை தெரியும். 1964இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த ‘கர்ணன்’ கொடையையும் விசுவாசத்தையும் பெரிதாக்கியது. 2021இல் மாரி செல்வராஜ் அதே பெயரில் எடுத்த படத்தில் இதிகாசக் கதை இல்லை. பேருந்து நிற்காத ஊர், அதைக் கேட்டதற்குக் காவல்துறையின் அடி என்று அவமதிக்கப்பட்ட பிறப்பின் பக்கத்திலிருந்து அது பேசுகிறது. இந்த அறுபது ஆண்டுகளில் ‘விசுவாசம்’ என்ற மதிப்பிலிருந்து ‘உரிமை’ என்ற மதிப்புக்குத் தமிழ்ப் பேச்சு நகர்ந்ததை இந்த ஒரு பெயரை வைத்தே விளக்கலாம். வகுப்பில் பாடமாக வைக்க இதைவிடக் கச்சிதமான இணை இல்லை.

கூத்தில் இரண்டும் ஒரே இரவில் இருக்கின்றன. குந்தி வந்து பாண்டவர் பக்கம் அழைக்கும் இடத்தில் கட்சி மாறுவதைப் பற்றிய பேச்சு விழும். அதைத் தவறவிடாதீர்கள்.

சாதியைப் பற்றி எழுதலாமா?

எழுதாவிட்டால் அந்த ஆய்வுக்குப் பொருளே இல்லை. பல ஊர்களில் ஊருக்கு ஒரு விழா, காலனிக்கு ஒரு விழா என்று தனித்தனியாக நடக்கின்றன. ஒரே நாடகம், ஒரே குழுவும்கூட, ஆனால் களரி வேறு. இரண்டையும் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு “ஊர்க் கூத்து” என்று எழுதாதீர்கள். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே காதல் திருமணம் ஒன்றைத் தொடர்ந்து தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான். திரையில் காதலுக்குக் கைதட்டுவதும் தெருவில் காதலுக்குத் தீ வைப்பதும் ஒரே மண்ணில் நடந்திருக்கின்றன. யார் எங்கே உட்கார்ந்தார் என்று எழுதுங்கள். எந்தத் தனிமனிதரின் பெயரையும், வீட்டையும், ஆளை அடையாளம் காட்டும் படத்தையும் வெளியிடாதீர்கள்.

நோட்டீஸில் என்ன படிக்க முடியும்?

நிறையப் படிக்கலாம், செலவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற பயிற்சி இதுதான். ஒரு ஸ்கேலும் பத்து நோட்டீஸும் போதும். சாமி படம் எத்தனை சென்டிமீட்டர், தலைவர்கள் படம் எத்தனை, கூத்துக் குழுவின் பெயர் எந்த அளவு எழுத்தில் என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். “இப்படிக்கு” என்ற சொல்லுக்குக் கீழே ஊர்கவுண்டர், மந்திரிகவுண்டர், கோல்காரர் என்று பழைய ஊர்ப் பதவிகள் வருகின்றனவா, அல்லது ஒன்றியச் செயலாளர், வார்டு உறுப்பினர், ரசிகர் மன்றம், இளைஞர் அணி என்று வருகின்றனவா? பெண்கள் பெயர் ஒன்றாவது இருக்கிறதா? மகளிர் குழு உபயம் கொடுத்திருந்தால் அது பட்டியலில் எத்தனையாவது? இருபது வருட நோட்டீஸ்களை வரிசைப்படுத்தினால் ஊரின் அதிகாரம் கைமாறிய வரலாறு கிடைத்துவிடும். பழையவை பெரும்பாலும் பூசாரி வீட்டுப் பரணிலோ, குழு வாத்தியாரின் பெட்டியிலோ, அச்சகத்தின் மாதிரிக் கட்டிலோ இருக்கும். வெயிலில் வைத்துப் படமெடுக்காதீர்கள், மஞ்சள் தாளில் எழுத்து வெளிறிப்போகும். நிழலில், நேர் மேலிருந்து எடுங்கள்.

சினிமாவில் எதைப் பார்ப்பது?

வெட்டப்பட்டதைப் பாருங்கள். நாடகத்தைக் கட்டுப்படுத்த ஆங்கில அரசு 1876இல் சட்டம் கொண்டுவந்தது, சினிமாவுக்கு 1918இல். விடுதலைக்குப் பிறகு 1952இல் திரைப்படச் சட்டம், 1954இல் சென்னை மாநில நாடகச் சட்டம். அந்த நாடகச் சட்டத்தை உயர் நீதிமன்றம் 2013இல்தான் செல்லாது என்றது. எந்த ஆட்சி எதற்குப் பயந்தது என்பதை இந்த வரிசை சொல்லும்.

நமக்குப் பக்கத்தில் சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘மந்திரி குமாரி’யை எடுத்தது. வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். ராஜா ராணிக் கதையில் அன்றைய அரசியலைப் பேசிய படம். இருவரும் பின்னாளில் முதல்வர்கள் ஆனார்கள். அரசனுடைய கதைக்குள் நிகழ்கால அரசியலைப் பேசுவது கூத்து மேடை ஏற்கெனவே அறிந்த உத்தி. அதனால்தான் கிராமத்து ரசிகர்களுக்கு அது உடனே பிடிபட்டது.

ஓசூர் பக்கம் மூன்று மொழிப் படங்கள் ஓடுகின்றனவே?

ஆம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டுக்குள்ளேயே புழங்கும் பகுதி அது. எந்தத் தியேட்டரில் எந்த மொழிப் படம் எத்தனை காட்சி ஓடுகிறது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போஸ்டரைப் பார்த்துக் குறித்தாலே நல்ல ஆவணம் கிடைக்கும். தண்ணீர்ச் சிக்கல் வரும்போது முதலில் அடிபடுவது சினிமா. 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியபோது பெங்களூரில் தமிழ்ப் படக் காட்சிகள் நிறுத்தப்பட்டன, சென்னையில் திரைத்துறையினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்படிப்பட்ட வாரங்களில் எல்லையோரத் தியேட்டர்களின் போஸ்டர்களைத் தவறாமல் படமெடுங்கள்.

எருதுவிடும் விழாவும் இதில் சேருமா?

கட்டாயம் சேரும். கிருஷ்ணகிரியில் இளைஞர்களை அதைவிட அதிகமாக இழுக்கும் பொழுதுபோக்கு குறைவு. 2014இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017இல் தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம், 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்ற தீர்ப்பு என்று மூன்று கட்டங்கள். 2017 திருத்தத்தில் ஜல்லிக்கட்டோடு எருதுவிடும் விழாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாட்டின் கொம்பில் கட்டும் தட்டியில் என்ன எழுதியிருக்கிறது, யார் படம் இருக்கிறது, வர்ணனையாளர் மாட்டுக்காரரை எந்தப் பட்டத்தோடு அழைக்கிறார் என்று குறியுங்கள். தெருவுக்குள் இறங்கி நின்று படமெடுக்க வேண்டாம். மாடி அல்லது தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் மைக் கூடாது என்கிறார்களே, விடிய விடியக் கூத்து எப்படி நடக்கும்?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி தரும் நீதிமன்ற உத்தரவுகளில் ஆபாசம் கூடாது, சாதி, கட்சி சார்ந்த பாட்டும் பிளக்ஸும் கூடாது என்ற நிபந்தனைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த நிபந்தனைப் பட்டியலே ஊர் எதற்கு அஞ்சுகிறது என்பதற்குச் சான்று, ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

விழாக்குழு மனு கொடுக்கும்போது கூத்தையும் ஆடல் பாடலையும் தனித்தனித் தாளில், தனித்தனி நேரத்தோடு எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக எழுதினால் ஒன்றுக்கான நிபந்தனை மற்றதன் மேலும் விழும். கூத்தைச் சுருக்க வேண்டி வந்தால் வாத்தியாரிடமே விடுங்கள். குழுவினர் மணியைப் பார்த்து அவசரப்படுத்தினால் முதலில் வெட்டுப்படுவது கட்டியங்காரன் பேச்சுதான்.

சேகரித்ததை என்ன செய்வது?

முதல் பிரதி குழு வாத்தியாருக்கு, பென்டிரைவில், ஒரு மாதத்துக்குள். இரண்டாவது பிரதி உங்கள் கல்லூரி நூலகத்துக்கு. கோப்பின் பெயரில் ஊர், நாடகம், தேதி மூன்றும் இருக்கட்டும். யூடியூபில் முழு இரவையும் ஏற்றாதீர்கள். அது அவர்களுடைய பிழைப்பு. ஓர் ஊரில் நம்பிக்கையோடு அடித்த அரசியல் கேலி ஊர் எல்லையைத் தாண்டிப் போனால் அடுத்த வருடம் அந்தக் கலைஞருக்குத் தாம்பூலம் வைத்துக் கூத்துக்கு அழைக்க ஆள் வராமல் போகலாம். அரசியல் பேச்சு உள்ள பகுதிகளைப் பேசியவரிடம் போட்டுக் காட்டி, எதை வெளியிடலாம் என்று அவர் சொல்வதை அதே நோட்டில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.